செல்லையா சாப்பிட்ட கேப்பைப் புட்டு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் நாலு வரி தாண்டுவதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதற்கு நானே முந்திக்கொள்வது மரியாதை. சாப்பிடுவதால்தான் சர்க்கரை வியாதி, சாப்பிடாதவனுக்கு அது கிடையாது என்று ஒரு வருட காலம் நான் முழு மனதோடு நம்பினேன்.

நம்புவதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டவுனில் போய் ரத்தம் கொடுப்பேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. வெறும் வயிற்றில் எடுத்தது எப்போதும் சாதுவாக இருக்கும். சாப்பிட்ட பிறகு எடுத்ததன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார்கள். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கை. நடுவில் நடந்தது என்ன? நாலு இட்லி. குற்றவாளியைப் பிடிக்க இதற்கு மேல் போலீஸ் நாய் வேண்டுமா?

என் பெயர் மரியதாஸ். வயது ஐம்பத்திரண்டு. மலையாள எல்லைக்குள், வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். முப்பது பேர் வேலை செய்வதை நின்று பார்ப்பது என் வேலை. நிற்கிற நேரத்தில் யாரையாவது கேலி செய்வது உபரி வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது, பிரியத்தில் செய்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தபோது, டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, "காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால போடுங்க, போட்டா கட்டாயம் சாப்பிடணும்" என்று சொன்னார். அந்த வாக்கியத்தில் நான் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி அமலி இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பிடித்தால் உடும்புப் பிடி. அன்று முதல் நாலரை மணிக்கு எழுந்திருக்கிறாள். அரிசி இட்லி வாரத்தில் ஒரு நாளாகக் குறைந்தது. சிறுபயறு தோசை வந்தது. காய் பாதி, கோதுமை ரவை பாதியாக ஒரு உப்புமா வந்தது. செவ்வாய்க்கிழமை கேப்பைப் புட்டும் கடலைக்கறியும். கேழ்வரகை எங்கள் பக்கம் கேப்பை என்போம். கொண்டைக்கடலையை முந்தின ராத்திரியே ஊறப் போட்டுவிடுவாள். மாவை வறுத்து, உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கையில் பிடித்தால் கட்டியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், அந்தப் பதத்துக்கு வரும்வரை பிசறிக்கொண்டே இருப்பாள். நான் ஆறு இருபதுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவன். அந்த நேரத்தில் எனக்குப் பால் விடாத கட்டன் சாயா தவிர எதுவும் தொண்டையில் இறங்காது. அதனால் எல்லாம் டப்பாவில் போகும், தோட்டத்தில் போய் ஏழு மணிக்குச் சாப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் வருடம் நானே சாப்பிட்டேன். அடுத்த வருடம் முழுக்க, ஏழு மணிக்கு அந்த டப்பாவைச் செல்லையா சாப்பிட்டான்.

செல்லையா எங்கள் தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்கிறவன். கம்பத்திலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி மலைக்கு வருகிறவர்களில் ஒருத்தன். அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவள், அடுப்பு மூட்ட நேரமில்லை. பசியோடு வந்து நிற்பான். எனக்கோ சாப்பாடு எதிரி. முதல் நாள் பாதி கொடுத்தேன். பத்தாம் நாள் டப்பாவையே கொடுத்துவிட்டேன். அவன் தின்று, கழுவி, துடைத்துத் தருவான். பதிலுக்கு நான் கேட்டது ஒன்றே ஒன்று. ருசி எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும்.

"அண்ணே, கடலையில இன்னைக்கு உப்பு ஒரு கல்லு தூக்கல்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அமலி கேட்பாள், "எப்படிங்க இருந்துச்சு?"

"எல்லாம் சரிதான், உப்பு மட்டும் ஒரு கல்லு தூக்கல்."

மறு செவ்வாய் உப்பு ஒரு கல் குறையும். இப்படி ஒரு வருடம், செல்லையாவின் நாக்குக்கு என் மனைவி சமைத்தாள். என் நாக்கின் நுட்பத்தைப் பற்றித் தன் அக்காவிடம் பெருமையாகப் பேசியதாகவும் கேள்வி.

நானோ இளைத்தேன். வெறும் வயிற்று அளவு இன்னும் சாதுவானது. மாத்திரையை ஒரு நாள்கூடத் தவற விட்டதில்லை. ஆறு இருபதுக்கு மாத்திரை, கட்டன் சாயா, பிறகு பத்தரை மணிக்குத் தோட்டத்தில் கஞ்சிக்கு மணியடிக்கும்வரை ஒன்றும் கிடையாது. இடையில் கொஞ்சம் கை நடுங்கும், கொஞ்சம் கோபம் வரும். சூப்பர்வைசருக்குக் கோபம் வந்தால் அதை யாராவது வியாதி என்று நினைப்பார்களா?

அந்தச் செவ்வாய்க்கிழமை மருந்தடியின் இரண்டாம் நாள். மேல் சரிவுக்குக் குழாய் எட்டவில்லை, நானும் ஏறி இறங்கிக் குழாயை இழுத்தேன். ஒன்பதரை இருக்கும். மருந்து கலக்குகிற டிரம்மின் பக்கத்தில் நின்றவனுக்கு வேர்க்க ஆரம்பித்தது. இங்கே அந்த நேரத்தில் வேர்க்காது, பனி இன்னும் இலையில் இருக்கும். கை நடுங்கியது. நாக்கு தடித்து, வாய்க்குள் யாரோ போர்வையை மடித்து வைத்த மாதிரி இருந்தது. பிறகு நடந்ததைச் செல்லையா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் டிரம்மைப் பார்த்து, "ஏன்டா லேட்டு?" என்று அதட்டினேனாம். டிரம் பதில் சொல்லவில்லையாம். அதற்கு ஒரு நாள் சம்பளத்தை வெட்டுவதாகச் சொல்லிவிட்டுக் கீழே விழுந்தேனாம்.

"அண்ணனுக்கு மருந்து ஏறிருச்சு! ஓடியாங்கடா!"

ஏலக்காட்டில் ஒருத்தன் வேர்த்து, நடுங்கி, உளறி விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வேறு எந்த ஊரிலும் யாராவது "மாரடைப்பா?" என்று கேட்டிருப்பார்கள். இங்கே கேட்க மாட்டார்கள். மருந்து ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சட்டையைக் கழற்று, சோப்புப் போட்டுக் கழுவு, மருந்து பாட்டிலை எடுத்துக்கொள், ஜீப்பில் போடு. எல்லாவற்றுக்கும் மேலே, வாயில் ஒன்றும் கொடுக்காதே. இந்தச் சட்டத்தை வருடா வருடம் அவர்களுக்கு ஓதி, ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டவன் நான்தான். என் மாணவர்கள் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தார்கள். ஓடைத் தண்ணீரில் என்னைக் குளிப்பாட்டினார்கள். அந்தக் குளிரில் அரை நிமிடம் எனக்கு நினைவு வந்தது.

அந்த அரை நிமிடத்தில் நானும் அதையே நம்பினேன். வேர்வை, சரி. நடுக்கம், சரி. எச்சில் ஒழுக வேண்டுமே என்று துப்பிப் பார்த்தேன், அதுவும் வந்தது. செத்தோம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஜீப் வளைவில் வளைவில் திரும்ப, என் தலை செல்லையாவின் மடியில் கிடந்தது. எனக்கு அப்போது ஒரே ஒரு ஆசை. கடவுள் வேண்டும் என்றோ, மனைவி முகம் வேண்டும் என்றோ நான் கேட்கவில்லை. "மிட்டாய் குடுடா" என்று கேட்டேன்.

"அண்ணே, பொறுத்துக்கங்க. வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீக."

"ஒண்ணே ஒண்ணுடா."

"மாட்டேண்ணே. அடிச்சாலும் மாட்டேன்."

அவன் சட்டைப் பையில் கடலைமிட்டாய் இருந்தது. காகிதம் சரசரத்தது எனக்குக் கேட்டது. என் உடம்பு, எந்தப் படிப்பும் இல்லாத உடம்பு, தனக்கு என்ன வேண்டும் என்று சரியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு பிச்சை கேட்டிருக்கிறது. உயிர் என் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், காகிதம் சுற்றி இருந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது.

கடைசி வார்த்தைகள் என்று நான் சொன்னது, "ஸ்டோர் சாவி அரிசிப் பானையில இருக்கு." அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

டவுன் ஆஸ்பத்திரியில் செல்லையா பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உள்ளே ஓடியிருக்கிறான். டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்தார், என் கண்ணை விரித்துப் பார்த்தார். விஷம் ஏறினால் கண்ணின் பாப்பா ஊசி முனையாகச் சுருங்குமாம். என்னுடையது பெரிதாக இருந்திருக்கிறது. அதற்குள் குமுளியிலிருந்து வேலைக்கு வருகிற சிஸ்டர் ஒருவர், யாரும் சொல்லாமலே, என் விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை மிஷினில் வைத்தார். நூறு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று. மூளைக்குச் சாப்பாடு ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரைதான். அது அந்த அளவுக்கு இறங்கினால் மூளை ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே வரும். என் வீட்டில் வாசல் விளக்கு மட்டும்தான் மிச்சம்.

கையில் ஊசி குத்தி, கெட்டியான சர்க்கரைத் தண்ணீரை ஏற்றினார்கள்.

இதை எப்படிச் சொல்வது என்று மூன்று மாதமாக யோசிக்கிறேன். முதலில் ஒரு சத்தம் வந்தது. மின்விசிறி. அப்புறம் அந்தச் சத்தத்துக்கு மின்விசிறி என்று பெயர் வந்தது. வெள்ளையாக ஒன்று, அது சுவர். மஞ்சளாக ஒன்று, அது செல்லையாவின் சட்டை. உலகத்தை யாரோ என் முன்னால் ஒவ்வொரு சாமானாக எடுத்து வைத்துப் பெயர் சொல்லிக்கொண்டே போனார்கள். கடைசியாக, "நான் மரியதாஸ்" என்பது வந்தது. வாழ்க்கையில் எனக்கு நானே அறிமுகமான ஒரே சந்தர்ப்பம் அது. டாக்டரம்மா பிறகு சொன்னார், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லையாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன உயிர்த்தெழுதல் என்ற சொல்லை, ஒரு கரண்டிச் சர்க்கரை எனக்குச் செய்து காட்டியது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். நான் முடிய விடவில்லை.

அமலி வந்து சேர்ந்தாள். அடுப்படியிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள், கையில் மாவு காய்ந்து இருந்தது. என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகக் கேட்டார்.

"சேட்டா, காலையில மாத்திரை போட்டீங்க அல்லே? பிறகு என்ன சாப்பிட்டீங்க?"

நான் அமலியின் கையில் இருந்த மாவைப் பார்த்தேன்.

"கேப்பைப் புட்டு, கடலைக்கறி, கொஞ்சம் தண்டுக்கீரை" என்றேன்.

"நிறைய சாப்பிட்டோ?"

"டப்பா காலி டாக்டர்." அது உண்மைதான்.

டாக்டரின் பேனா நின்றது. "அத்தனையும் சாப்பிட்டும் முப்பத்தொண்ணா?" என்று எனக்கல்ல, காகிதத்துக்குச் சொல்வது போலச் சொன்னார். அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்கலாம். பிழைத்த சந்தோஷத்தில், இது ஒரு சின்னப் பொய், தானாகக் கரைந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

வார்டில் சேர்த்தார்கள். நான் போடுகிற மாத்திரை உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாதாம். ஏற்றிய சர்க்கரை தீர்ந்ததும் மறுபடி இறக்கிவிடும் என்பதால் சொட்டுச் சொட்டாகச் சர்க்கரைத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மணிக்கொரு தரம் சிஸ்டர் வந்து விரலைக் குத்துவார். பத்து விரலும் முடிந்து மறுபடி முதல் விரலுக்கு வந்தார். "சிஸ்டர், கால் விரல் பத்து சும்மா இருக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் ஒருமுறை ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. அப்போது மட்டும் நான் ஜோக் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டர் கட்டில் ஓரத்தில் நின்று விளக்கமாகப் பேசினார். அதைக் கேட்டதிலிருந்து என் உடம்பைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ராத்திரி நான் சாப்பிடாமல்தான் தூங்குகிறேன், ஆனால் மூளையும் இதயமும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. கல்லீரல், பகலில் மிச்சம் பிடித்து வைத்த சர்க்கரையை, தூங்காமல் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துக் கொடுக்கிறதாம். நான் குறட்டை விடுகிற நேரம் முழுக்க. விடியும்போது அதன் முடிச்சு இளைத்திருக்கும். அந்த நேரத்தில் மாத்திரை போய்க் கணையத்தைத் தட்டி எழுப்புகிறது. கணையம் என்பது வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஒரு சுரப்பி, சர்க்கரையை ரத்தத்திலிருந்து எடுத்து உடம்புக்குள் தள்ளுகிற இன்சுலினைச் சுரப்பது. சாப்பாடு வரும் என்று நம்பித்தான் அது வேலையைத் தொடங்குகிறது.

"அப்ப சாப்பாடு வந்தா எல்லாம் சரி. அதும் உங்க வைஃப் உண்டாக்கிய மாதிரி, கேப்பையும் கடலையும்னா மெல்ல மெல்லத்தான் சர்க்கரையை விடும். உச்சை, மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுதான் எனக்கு மனசிலாகலை. இத்தனை நல்ல சாப்பாடு சாப்பிட்டும் ஏன் விழுந்தீங்க?"

அமலி தலையைக் குனிந்துகொண்டாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வந்த புதிதில் பெயர் தெரியாமல் இருந்ததே, அதே மின்விசிறி.

சந்தேகத்தை ஒவ்வொன்றாக டாக்டர் தீர்த்துக்கொண்டு போனார். விஷத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, விஷம் இல்லை. இதயத்துக்கு ஈசிஜி, சுத்தம். கிட்னி பழுதானால் மாத்திரை வெளியே போகாமல் உடம்பில் தங்கிவிடுமாம், அதற்கும் பார்த்தார்கள். வியாழக்கிழமை முடிவு வந்தது. கிட்னி நன்றாக இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக நல்ல செய்தி கேட்டுப் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"இனி ஒண்ணுதான் பாக்கி" என்றார் டாக்டர். "ரொம்ப அபூர்வம், பேடிக்க வேண்டாம், பயப்படாதீங்க. கணையத்துல சின்னதா ஒரு கட்டி இருந்தா, அதுவா இன்சுலின் விடும். சாப்பிட்டாலும் விடும், சாப்பிடலைன்னாலும் விடும். கோட்டயத்துல ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம். நாளைக் காலையில எட்டு மணிக்கு வண்டி."

கட்டி. அந்த ஒரு சொல் காதில் விழுந்த நேரத்திலிருந்து எனக்கு வயிற்றுக்குப் பின்னால் உறுத்த ஆரம்பித்தது. கணையம் எந்தப் பக்கம் என்று தெரியாததால் இரண்டு பக்கமும் உறுத்தியது. நான் சாப்பிடாததால் வந்த மயக்கம் என்பது உலகத்தில் என் ஒருத்தனுக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படித் தெரிந்த நானே, ஒருவேளை கட்டியும் இருந்தால் என்று பயந்தேன். என் பொய்யை நானே நம்புகிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் செல்லையா பார்க்க வந்தான். அமலி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவன் குனிந்து காதருகே பேசினான்.

"அண்ணே, அந்தப் புட்டுல ஏதாச்சும் கோளாறு இருந்துருந்தா நான்ல படுத்துருக்கணும்?"

"மெல்லப் பேசுறா."

"எனக்கு ஒண்ணுமே செய்யலண்ணே. அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மடங்கு சாப்பிட்டேன்."

"வாய மூடுறா, வந்துரப்போறா."

"மதினிகிட்ட சொல்லிருங்கண்ணே."

"சொன்னா என்னையக் கொன்னுருவா."

"சொல்லாட்டி கோட்டயத்துல வயித்தக் கிழிப்பாக. எது தேவலனு நீங்களே பாத்துக்கங்க."

அமலி பாட்டிலோடு வந்தாள். செல்லையா எழுந்து நின்றான். அவனைப் பார்த்து அவள் சொன்னாள், "தம்பி, ஓடை ஓரத்துல நான் போட்டுருந்த தண்டுக்கீரைப் பாத்தி இருக்குல்ல. நேத்து ஊட்டுக்குப் போயி எல்லாத்தையும் வேரோட பிடுங்கிப் போட்டுட்டேன்."

"ஏன் மதினி?"

"முந்தின நாள் மேல மருந்தடிச்சாங்கல்ல. காத்துல இறங்கியிருக்கும். மூணு தண்ணி விட்டுத்தான் கழுவுனேன். போதலையோ என்னமோ. கொஞ்சமா இருந்துச்சு, எனக்கு வைக்காம இவுக டப்பாவுல மட்டும் வச்சேன்." அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். "விஷம் இல்லைனு டாக்டர் சொல்றாங்க. மிஷினுக்கு எல்லாம் தெரிஞ்சுருமா? நல்லது செய்றேன்னு நான்தான் கையால குடுத்துட்டேன்."

செல்லையா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு வருடம் என் சாப்பாட்டைத் தின்றவன் என்னை அப்படிப் பார்த்தான். நான் அப்போதும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை. ஸ்கேனுக்குப் போகிறவன் காலையில் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வருடம் முழுக்க விரும்பிச் செய்ததை அன்றைக்கு உத்தரவாகச் செய்ய வேண்டும். அன்றைக்குப் பார்த்துப் பசித்தது. எப்படிப்பட்ட பசி! வயிறு என்று ஒன்று இருப்பதையே அது சொல்லித்தான் அறிந்தேன் என்கிற மாதிரி.

நாலரை மணி. கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்த அமலி, யாரும் எழுப்பாமல் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு வருடப் பழக்கம். சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் கைகளைப் பார்த்தேன். மடியில் வலது கை, ஒன்றுமில்லாத இடத்தில், தெளித்தது. பிசறியது. பிடித்துப் பார்த்தது. விரலால் தட்டியது. மறுபடி தெளித்தது. அவளுக்கே தெரியாமல் கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நான் குறட்டை விடுகிறபோது கல்லீரல் விழித்திருப்பதைக் கேட்டு வியந்தவன் நான். அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், அடுப்படியில், இன்னொன்றும் விழித்திருந்திருக்கிறது. அதை நான் ஒரு வருடம் டப்பாவோடு தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

"அமலி."

"என்னங்க, கிறுகிறுப்பா வருதா? சிஸ்டரக் கூப்பிடவா?"

"கீரையில ஒண்ணும் இல்ல."

"சரி, விடுங்க. டாக்டரும் அதத்தான் சொல்றாங்க."

"டாக்டர் சொல்றது கெடக்கட்டும். எனக்குத் தெரியும். நான் அதச் சாப்பிடவே இல்ல."

அவள் திரும்பினாள். "அன்னைக்கா?"

அன்றைக்கு மட்டும்தான் என்று சொல்லித் தப்பிக்க ஒரு சந்து இருந்தது. என் கால் அந்தப் பக்கம் போகவும் பார்த்தது.

"ஒரு வருசமா."

அவள் விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தாள், என்ன கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

"அப்ப உப்பு தூக்கல்னு சொன்னது?"

"செல்லையா."

"கடலைக்குத் தேங்காய வறுத்து அரைக்கச் சொன்னது?"

"செல்லையா."

"ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாக்கெழம, இப்படி ஒரு புட்டு சென்மத்துல தின்னதில்லைனு சொன்னீகளே?"

"அதுவும் அவந்தான். எனக்கு அவ்வளவு நல்லாப் பேச வருமா?"

அவள் சிரிக்கவில்லை. நான் இதுவரை சொன்ன ஜோக்குகளில் அவள் சிரிக்காமல் விட்டது நிறைய உண்டு, இது மாதிரி விட்டதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்தவள் ஒரு நீண்ட மூச்சு விட்டாள். அந்த மூச்சில் கோபமும் இருந்தது, மூன்று நாளாகச் சுமந்த கீரைக்கட்டு இறங்கியதும் இருந்தது. எழுந்து வாசல் வரை போனாள். அங்கேயிருந்து கேட்டாள்.

"பசிக்குதா?"

"பசிக்குது."

"இருங்க."

முதலில் சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள். பிறகு செல்போனை எடுத்தாள். செல்லையா அப்போதுதான் கம்பத்தில் ஜீப்புக்கு நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, ஒரு வருசமாத் தின்னீகள்ல. இன்னைக்கு ஒரு நாளு நீங்க கொண்டாங்க."

டாக்டர் ஏழரைக்கு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், டிரம் வரைக்கும். அவர் கோட்டயம் சீட்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "இது முதல்லயே பறஞ்சிருந்தா, நானும் ரெண்டு ராத்திரி ஒறங்கியிருப்பேன், கேட்டோ" என்றார். சர்க்கரைத் தண்ணீரை நிறுத்தச் சொன்னார். அந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டு, இப்படித் தடாலென்று இறக்காத வேறு ஒன்றை எழுதினார். காலையில் சாப்பிட வைத்து, ஒரு நாள் முழுக்க அளவு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார்.

செல்லையா டப்பாவோடு வந்தான். வேலைக்குப் போக இருந்த அவன் மனைவி நின்று சுட்டுக் கொடுத்த இரண்டு கம்பு தோசை, நிலக்கடலைச் சட்னி. அமலி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவைவிட உன்னிப்பான பார்வை.

முதல் வாயை மென்று விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன். உள்ளே போனது என்ன செய்யப்போகிறது என்று கேட்க முடியுமா என்று பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சட்னியில் காரம் இருந்தது. தோசை ஓரத்தில் மொறுமொறுப்பு இருந்தது. இரண்டாவது தோசையில் பசி அடங்கியிருந்தது, எப்போது அடங்கியது என்று தெரியவில்லை. சிஸ்டர் குத்திக் குத்திப் பார்த்ததில் அளவு மெல்ல ஏறி, ஏறிய இடத்தில் நின்றது. ஊசி வழியாக வந்த உயிர் இடி மாதிரி வந்தது. தோசை வழியாக வந்தது, எங்கள் மேட்டில் பொழுது விடிகிற மாதிரி, எந்த நிமிடம் வெளிச்சமானது என்று சொல்ல முடியாமல் வந்தது. ஐம்பத்திரண்டு வருடமாகத் தினமும் எனக்குள் நடந்திருக்க வேண்டிய காரியம். அதற்கு நான் ஒருமுறைகூட எழுந்து நின்று வணக்கம் சொன்னதில்லை.

"அண்ணே, உப்பு எப்படி இருக்கு?" என்றான் செல்லையா, பழக்க தோஷத்தில்.

அமலி அவனை முறைத்தாள். "அவுகளே சொல்லட்டும்."

"சரியா இருக்கு" என்றேன். ஒரு வருடத்தில் நானாகச் சொன்ன முதல் அபிப்பிராயம் அது.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிஸ்டர் நாலு பக்கக் காகிதம் ஒன்றை நீட்டினார். என்னென்னவோ பரிசோதனைகள், விஷம், இதயம், கிட்னி, எல்லாம் இங்கிலீஷில். என் வியாதிக்கு ஒரு பெரிய பெயர் இருக்கும், தோட்டத்தில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆசையாக இருந்தது.

"எனக்கு என்ன நடந்துச்சுன்னு எந்த எடத்துல எழுதியிருக்கு சிஸ்டர்?"

அவர் முதல் பக்கத்தில் ஒரு வரியைத் தொட்டு, தமிழில் வாசித்தார். அமலி, "இன்னொருக்க வாசிங்க சிஸ்டர், இவுக காதுல நல்லா விழட்டும்" என்றாள். சிஸ்டர் மறுபடியும் வாசித்தார்.

"காலையில மாத்திரை போட்டார். சாப்பிடலை."